கடக ராசிக்கு ஒரு சொல்

தினசரி காலண்டரில் ஒரு ராசிக்கு ஒரே ஒரு சொல்தான் ஒதுக்கியிருப்பார்கள். மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்குச் செலவு, மிதுனத்துக்கு மறதி என்று பன்னிரண்டு பேருக்கும் அன்றைய பங்கை அளந்து கொடுத்துவிடுவார்கள். ஊரில் உள்ள கடக ராசிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே செவ்வாய்க்கிழமையில் எப்படிச் சேர்ந்து நஷ்டப்பட முடியும் என்று யாரும் கேட்பதில்லை. என் அம்மா கடக ராசி. அவளும் கேட்டதில்லை.

காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வரும். அதற்குள் சோறு வடித்து, குழம்பைக் கூட்டி, தூக்குவாளியைக் கட்டி முடித்துவிட்டு, அம்மா காலண்டர் முன்னால் போய் நிற்பாள். முந்தின நாள் தாளைக் கிழிப்பாள். கடகத்துக்கு நேரே விரலை வைத்து வாய்விட்டு வாசிப்பாள். ‘பகை’ என்று போட்டிருந்தால் அன்று அப்பாவிடம் பேச மாட்டாள், வம்பு எதற்கு என்று. ‘பயம்’ என்று போட்டிருந்தால்தான் வீடே கெட்டுப்போகும். வேனில் ஏறும்போது ஒருதரம் திரும்பி எங்கள் வீட்டை மேலிருந்து கீழே பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அம்மா வேலை பார்த்தது பட்டாசுக் கம்பெனியில். தாயில்பட்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, கருவேலங்காட்டுக்குள் போனால் வரும். அங்கே ரூம்களை ஒட்டி ஒட்டிக் கட்ட மாட்டார்கள். ஒன்று போனாலும் அடுத்தது தப்பட்டும் என்று தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். ஏழாம் நம்பர் ரூமில் அம்மா பூச்சட்டிக்கு மருந்து அடைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் வெள்ளி நிறம் போகாது.

அப்பாவுக்கு சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை, தாள் வெட்டுகிற மிஷினில். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மார்கழியில், கோணலாக வெட்டுப்பட்டு ஆர்டரில் சேராமல் போன ஒரு காலண்டர் கட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய சைஸ். முந்நூற்று அறுபத்தைந்து தாளும் ஒழுங்காக இருந்தன, வலது ஓரம் மட்டும் சரிந்திருந்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வருகிற வருஷம் முழுக்க அம்மாவுக்கு என்னென்ன நடக்கப்போகிறது என்பது மொத்தமும் என் மடியில் கிடந்தது. பயம் பதினொரு நாள் இருந்தது. நானே எண்ணினேன்.

அப்பாவிடம் வெள்ளைத் தாள் கழிவு வாங்கி, அரிசி நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துண்டு வெட்டினேன். மைதா மாவில் பசை காய்ச்சினேன். பச்சை மைப் பேனாவால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நல்ல சொல் எழுதி, கடகத்துக்கு நேரே அச்சாகியிருந்த சொல்லின்மேல் ஒட்டிக்கொண்டே போனேன். பயம், நலிவு, தடங்கல், விரயம் எல்லாவற்றையும் மூடினேன். நல்லதாக இருந்தவற்றின் மேலும் ஒட்டினேன். என் கையால் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நினைப்பு.

முதலில் ஜோராகத்தான் போனது. வெற்றி, மகிழ்ச்சி, பரிசு, பாராட்டு, புகழ். ஜனவரி முடிவதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. தமிழ்ப் புத்தகத்தையும் கல்யாணப் பத்திரிகைகளையும் கிளறி பிப்ரவரியைத் தேற்றினேன். அதற்குப் பிறகு எனக்கு எது நல்லதாகத் தோன்றியதோ அது எல்லாம் அம்மாவின் ராசிபலன் ஆனது. புதுச்சேலை. மல்லிகை. பிரியாணி. ‘தண்ணி வரும்’ என்று ஏழெட்டு நாளுக்குப் போட்டேன். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எதுவும் கிடையாது.

ஜனவரி முதல் தேதி காலையில் அதை ஆணியில் மாட்டினேன். அம்மா விரலை வைத்தாள். பச்சை மையைப் பார்த்தாள். இரண்டு, மூன்று தாளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்துக்கொண்டே, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“இம்புட்டையும் நீயா ஒட்டுன?” என்று மட்டும் கேட்டாள். அன்று வேனில் ஏறும்போது அவள் வீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஏழு மாதம் அப்படியே நடந்தது. அம்மா தினமும் வாசித்தாள், தினமும் சிரித்தாள். வேனில் போய் மற்றவர்களுக்கும் சொல்வாளாம். எதிர்வீட்டு அத்தை வேலை முடிந்து வரும்போது, “ஏத்தா, இன்னைக்கு ஒங்கம்மாளுக்கு பிரியாணின்னு போட்டியாமே, எங்கன, வாசம் கூட வரலியே?” என்று கேலி பண்ணுவாள். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அம்மா அவளை மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. அவளும் அதே கம்பெனிதான், எட்டாம் நம்பர் ரூம். அத்தை மகளும் நானும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்தோம்.

ஆகஸ்ட் மாதம் தீபாவளி சீசன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பழக்கினார்கள். ஆறரைக்கே அங்கே நிற்க வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க, அம்மா காலண்டர் பார்ப்பதற்கு முன்பே நான் கிளம்பிவிடுவேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், வெடிச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வரும். அன்று பத்தரை மணி இருக்கும். தரை ஒருதரம் உதறியது. அப்புறம் சத்தம். ஜன்னல் கம்பிகள் கொஞ்ச நேரம் தனியாக ஆடின. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்த்தோம். கருவேலங்காட்டுப் பக்கம். வெள்ளையாக, அசையாமல் நின்றது. சார் போனைக் காதில் வைத்து ‘ம், ம்’ என்று கேட்டார். “ஏழாம் நம்பரா?” என்று ஒருதரம் தாழ்ந்த குரலில் கேட்டார். அதன்பிறகு வகுப்பில் எல்லாரையும் பார்த்தார், என்னைத் தவிர.

அத்தை மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, வா” என்றாள். இரண்டு பேரும் புத்தகப்பையை விட்டுவிட்டு ஓடினோம். வழியெல்லாம் அவள் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தாள். நான் அழுதபோது தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்தாள்.

எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. தள்ளினேன். உள்ளே அம்மா நின்றாள்.

நான் அலறிவிட்டேன். அந்த நேரத்தில் வீட்டில் அம்மா இருக்கக் கூடாது. ஏழாம் நம்பர் ரூம் போய்விட்டது, அப்படியானால் இது அம்மா இல்லை. செத்தவர்கள் முதலில் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று வேன்காரர் சொல்லிக் கேட்டிருந்தேன். தலை வாராமல், சேலை நெகிழ்ந்து, வாயைத் திறந்தபடி அது நின்றது. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தேன். பட்டது. கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் வெள்ளி நிறம் இல்லை, சுத்தமாக இருந்தது. எனக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது. அம்மாவின் கை அப்படிச் சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தை மகளைப் பார்த்தது. பார்த்துவிட்டு அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

அம்மா வரவில்லை என்று, போர்மேன் எட்டாம் நம்பரிலிருந்து எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டு அம்மாவின் இடத்தில் உட்கார வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே அது தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி நான் அம்மா பக்கத்தில் படுக்கவில்லை. அப்பாவை ஒட்டிப் படுத்துக்கொண்டு அவள் மூச்சு விடுகிறாளா என்று கவனித்தேன். சுவரில் காலண்டர் அதற்குள் மறுநாளைக் காட்டிக்கொண்டிருந்தது. யார் கிழித்தார்கள் என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெரு எங்களோடு பேசவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை, வையவில்லை. குழாயடியில் அம்மா போனால் எல்லோரும் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். வழிவிட்ட பிறகு முதுகுக்குப் பின்னால் பேச்சு. மருந்து சூடேறியிருந்தது அவளுக்கு முந்தின நாளே தெரியும். தெரிந்துதான் நின்றுகொண்டாள். மதினி மதினி என்று கூப்பிட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏன் தாயி, நீ மட்டும் அன்னைக்குப் போகல?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “வருசம் முந்நூறு நாளும் போறவ. ஒனக்கு என்ன தெரிஞ்சுச்சு?”

அவர் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தானாகப் போனாள். பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் நேரே மாமா முன்னால் போய், இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“அண்ணே, எம்மக ஒட்டிக் குடுத்த காலண்டரு இது. அன்னைக்குக் காலையில கிழிச்சுப் பாத்தேன், இப்பிடி வந்துச்சு. அதுக்குக் கட்டுப்பட்டு நின்னுட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணே.”

மாமா தாளை விரித்தார். அந்தத் தேதி. கடகத்துக்கு நேரே வெள்ளைத் துண்டு. பச்சை மையில், ஒரே சொல்.

ஓய்வு.

தாள் கைக்குக் கை மாறியது. பந்தல் முழுக்க ஒரு முனகல் பரவியது. எழுதியிருக்கிறதே, அவள் என்ன செய்வாள் என்றார்கள். பச்சப்பிள்ளை கையில் வந்து எழுதியிருக்கிறதே என்றார்கள். மாமா என் தலையில் கையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தக் கை கனமாக இருந்தது. நான் கழுத்தை அசைக்காமல் நின்றேன். ஏனென்றால், அந்தச் சொல்லை நான் எழுதவில்லை.

நான் எழுதியிருக்கவே முடியாது. ஓய்வு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் தலைமையாசிரியருக்கு மாலை போட்டு, ஓய்வு பெறுகிறார் என்று சொல்லி மேடையில் உட்காரவைத்தார்கள், அவர் எல்லோர் முன்னாலும் அழுதார். அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பேனா? ஆனால் பேனா என் பேனா. கையெழுத்துகூட ஏறக்குறைய என்னுடையது.

அன்றிலிருந்து தெரு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஒருவேளை வராமலே இருந்திருக்கலாம். காலை ஆறு மணிக்கே பெண்கள் தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்பார்கள். கூப்பிட மாட்டார்கள். நான் கண் விழித்துப் பார்க்கும்போது நாலைந்து பேர் நிலைப்படியை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“இன்னைக்கு என்ன போட்டிருக்குன்னு சொல்லு தாயி” என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, ‘சொல்லுங்க’ என்று மரியாதை கொடுத்தவர்களும் உண்டு.

நான் தாளைக் கிழித்து வாசிப்பேன். ‘பூரி கிழங்கு’ என்று வந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை. கிழங்கு மண்ணுக்கடியில் விளைவது, அது நல்லதா கெட்டதா என்று நின்று யோசித்தார்கள். ‘அதிரசம்’ வந்த நாளில் ஒருத்தி, அதிரசம் கொதிக்கிற எண்ணெயில் போடுவதல்லவா என்றாள். மூன்று பேர் வேனில் ஏறவில்லை. போர்மேன் அப்பாவுக்குப் போன் பண்ணி, உங்கள் மகளை என் லோடைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று திட்டினார். எனக்குத் திகில் வேறு. பகலில் தனியாக இருக்கும்போது மிச்சமிருந்த தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன், நான் எழுதாத சொல் இன்னும் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. அதனால் நிம்மதி வரவில்லை. நாளைக்கு முளைக்கலாம் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை மகள் வந்தாள். மொட்டையடித்த மாதிரி ஒட்ட வெட்டிய தலை, பின்னிவிட ஆள் இல்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாவும் கடகந்தான்” என்றாள். “எங்க வீட்டுக்கும் ஒண்ணு ஒட்டிக் குடுத்திருக்கலாம்ல?”

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்விட்டாள். நான் அன்று அழுத அழுகைக்கு அளவே இல்லை. சாயங்காலம் அம்மா விறகோடு உள்ளே வந்ததும் அவள் முன்னால் போய் நின்றேன். ஓய்வுன்னு நான் எழுதலம்மா, என்றேன்.

அம்மா விறகைக் கீழே போட்டாள். என் இரண்டு தோளையும் பிடித்தாள், நகம் பதிகிற மாதிரி. முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“நீதான் எழுதுன” என்றாள். “நல்லா நெனச்சுப் பாரு. நீதான் எழுதுன.”

அந்தக் கண்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இது அம்மாதானா என்று மறுபடியும் சந்தேகம் வந்தது. ஆமாம், நான்தான் எழுதினேன் என்றேன். மறுநாள் காலண்டர் சுவரில் இல்லை. வாசலுக்கு வந்தவர்களிடம், பிள்ளைக்குக் காய்ச்சல், அதைத் தண்ணியில் விட்டாச்சு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த ஒரு தாளை அவள் விடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். அவள் வேலைக்குப் போன ஒரு நாளில் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன். ஓய்வு என்ற துண்டின்மேல் விரலால் தடவினேன். கடினமாக ஏதோ நெருடியது. நகத்தால் ஓரத்தை நெம்பினேன். துண்டு கழன்று வந்தது, அதன் அடியில் நசுங்கிக் காய்ந்த சோற்றுப் பருக்கை. அதற்கும் கீழே இன்னொரு துண்டு, பச்சை மையில், சந்தேகமே இல்லாமல் என் கையெழுத்தில்: பாயசம்.

நான் எழுதியதன்மேல் ஏதோ வந்து எழுதியிருக்கிறது என்பது எனக்கு உறுதியானது. எச்சிலைத் தொட்டு அப்படியே ஒட்டி, இருந்த இடத்தில் செருகிவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். மைதாப் பசை காய்ச்சுகிறவளுக்குச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுகிறவர்கள் யார் என்று யோசிக்கத் தெரியவில்லை. கவர் ஒட்டுவதிலிருந்து கிழிந்த ரூபாய் நோட்டு ஒட்டுவது வரைக்கும் அம்மாவுக்குச் சோற்றுப் பருக்கைதான். அது கண்முன்னாலேயே இருந்தும், பேய்தான் எனக்குச் சுலபமாக இருந்தது. வருஷக்கணக்காக தினசரி காலண்டர் மாட்டிய சுவருக்கு முதுகு காட்டி நான் படுத்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்து, பிள்ளையும் பெற்ற பிறகுதான் கேட்டேன். அம்மா என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏம்மா அதை மறைத்து ஒட்டினாய் என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

“காலையில கிழிச்சேன், பாயசம்னு இருந்துச்சு. சிரிப்பு வந்துருச்சு. பிள்ள ஆசப்பட்டு எழுதியிருக்கே, எத்தன நாளாச்சு ஒரு பாயசம் வச்சுக் குடுத்துன்னு நெனச்சேன். ஒரு நாள் போகாட்டி என்னன்னு நின்னுட்டேன். புளியப் போட்டுக் கை மருந்தத் தேச்சுக் கழுவிட்டு, சேமியாவ வறுத்துக்கிட்டு இருக்கேன், சத்தம் கேட்டுச்சு. அப்பயே தாளக் கிழிச்சு மடியில வச்சுக்கிட்டேன், சட்டியோட கொண்டுபோயிக் கொல்லையில கொட்டிட்டேன். ஒங்க மாமா வந்து கேட்டாகல்ல, நீ ஏன் போகலன்னு? எழவு வீட்டுல போயி நின்னு, பாயசம் வைக்க நின்னேன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற?”

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். அடுத்த வாய்க்குச் சோற்றை உருட்டினாள்.

அந்தச் சொல்லை எழுதிய நாள் எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது. நல்ல சொற்கள் தீர்ந்து, கை வலித்து, சீக்கிரம் முடித்துவிட்டு விளையாடப் போக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தேன். அம்மாவைப் பற்றி அப்போது நினைக்கக்கூட இல்லை. அம்மா பாயசத்தைத் தொட மாட்டாள், இனிப்பு அவளுக்குக் குமட்டும். எனக்குத்தான் அது பிடிக்கும்.